பாடத்திலேயே இருந்த பாகுபாடு: மருத்துவ மாணவர்கள் தொடங்கிவைத்த திருத்தம்

நோய் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் நிறம் அடிக்கடி வரும். காலில் கிருமித் தொற்று ஏறினால் தோல் சிவக்கும். உண்ணிக்கடியால் வரும் லைம் நோயில் வளையம் வளையமாகச் சிவந்த தடிப்பு தோன்றும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் உதடு நீலம் பாயும். எல்லாம் சரிதான், தோல் வெளிர் நிறமாக இருந்தால். கருத்த தோலில் தொற்று ஏறிய இடம் ஊதாவாகவோ அடர் பழுப்பாகவோ தெரியலாம். சிலருக்கு நிற மாற்றமே கண்ணுக்குப் படாது. தொட்டுப் பார்த்தால் சூடும் வீக்கமும்தான் தட்டுப்படும்.

லண்டனில் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த மலோன் முக்வெண்டே, இப்படியான அறிகுறிகள் பாடத்தில் வந்தபோது, ‘இது கருத்த தோலில் எப்படி இருக்கும்?’ என்று கேட்கத் தொடங்கினார். போதுமான பதில் கிடைக்கவில்லை. கேட்டதோடு அவர் நிற்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களான பீட்டர் டமோனி, மார்கோ டர்னர் ஆகியோருடன் சேர்ந்து, கறுப்பு, பழுப்புத் தோலில் நோய் அறிகுறிகள் எப்படித் தெரியும் என்று காட்டும் ஒரு கையேட்டை 2020-இல் வெளியிட்டார். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். அப்போது அவர் இன்னும் பட்டம்கூட வாங்கவில்லை.

கடந்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மருத்துவக் கல்விக்குள் இருக்கும் இனப் பாகுபாட்டைக் கையில் எடுத்தவர்களில் மாணவர்களின் பங்கு பெரியது. பாகுபாடு என்றதும் ஒருவர் இன்னொருவரை இழிவாகப் பேசுவதுதான் நம் நினைவுக்கு வரும். அதுவும் நடக்கிறது. ஆனால் மாணவர்கள் தோண்டி எடுத்தது வேறு வகை. படம், சூத்திரம், தேர்வுக் கேள்வி என்று, ‘அறிவு’ என்ற பெயரிலேயே கைமாறி வரும் பாகுபாடு அது. சொல்லிக்கொடுப்பவர் நல்ல மனிதராக இருக்கலாம், மனப்பாடம் செய்பவரும் நல்லவராக இருக்கலாம். தவறு மட்டும் அடுத்த தலைமுறைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். புதிதாகப் படிக்க வருகிறவருக்குத்தான் ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்கத் தோன்றுகிறது. இருபது வருடம் பழகிய கண்ணுக்கு அது உறுத்துவதில்லை.

படங்களின் கதையை முதலில் பார்ப்போம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பரவலாகப் பயன்படும் நான்கு பாடநூல்களில் இருந்த 4,146 படங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அவற்றில் 74.5 சதவீதம் வெளிர் தோல், 21 சதவீதம் இடைப்பட்ட நிறம். கருத்த தோல் வெறும் 4.5 சதவீதம். 2020-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி மாணவி லாஷைரா நோலன், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் லைம் நோயின் அந்தச் சிவப்பு வளையத்தையே எடுத்துக்கொண்டு எழுதினார். வெளிர் தோலில் மட்டும் அதைப் பார்த்துப் பழகிய மருத்துவர், கறுப்பின நோயாளியின் காலில் அதே தடிப்பைத் தவறவிட மாட்டாரா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. தவறவிடுகிறார்கள் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு லைம் நோய் முற்றி, மூட்டு வீங்கிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவது அதிகம். ஆரம்பத்திலேயே பிடித்தால் சில வார ஆன்டிபயாட்டிக்கில் முடிந்துவிடும் நோய் இது.

பிறந்த குழந்தைக்கும் இதே சிக்கல்தான். குழந்தையின் உடல்நிலையை மதிப்பிட, பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் போடப்படும் அப்கார் மதிப்பெண்ணில் நிறமும் ஓர் அங்கம். உடல் முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தால் முழு மதிப்பெண். கருத்த குழந்தைக்கு இதை எப்படிப் போடுவது? பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் இனம் மற்றும் சுகாதார ஆய்வகம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை, அப்கார் உட்பட, நிறத்தை நம்பிச் செய்யும் இத்தகைய பரிசோதனைகளின் நம்பகத்தன்மையைக் கேள்விக்கு உள்ளாக்கியது. ஈறு, நாக்கு, கண்ணின் வெண்பகுதி, உள்ளங்கை என்று பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. சொல்லிக்கொடுத்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

படத்தைச் சேர்ப்பது ஒப்பீட்டளவில் எளிது. சூத்திரத்துக்குள் புகுந்துகொண்டதை எடுப்பதுதான் கடினம். சிறுநீரகக் கணக்கில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும்.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை நேரடியாக அளப்பது சிரமம். அதனால் ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற, தசையிலிருந்து வரும் கழிவுப்பொருளின் அளவை எடுத்து, வயது, பாலினம் ஆகியவற்றோடு ஒரு சூத்திரத்தில் போட்டு ‘ஈஜிஎஃப்ஆர்’ என்ற எண்ணைக் கணக்கிடுகிறார்கள். எண் குறையக் குறைய, சிறுநீரகம் அவ்வளவு கெட்டிருக்கிறது என்று பொருள். அமெரிக்காவில் 1999-இல் வந்த ஒரு சூத்திரத்தில் இனம் என்ற விஷயமும் சேர்ந்தது. நோயாளி கறுப்பினத்தவர் என்றால் வரும் விடையை 1.18-ஆல் பெருக்க வேண்டும். பின்னால் திருத்திய வடிவத்தில் அது 1.212 ஆனது. 2009-இல் வந்த இன்னொரு சூத்திரத்தில் 1.159. பல ஆய்வகங்களின் ரத்தப் பரிசோதனை முடிவில் ஒரே மனிதருக்கு இரண்டு வரிகள் அச்சாகி வரும்: ஆப்பிரிக்க அமெரிக்கர் என்றால் இவ்வளவு, இல்லையென்றால் இவ்வளவு. எந்த வரி இவருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்துகொள்ள வேண்டும். அப்பா கறுப்பினம், அம்மா வெள்ளையினம் என்றால் எந்த வரி? இதற்குப் பாடத்தில் பதில் கிடையாது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் விபரீதம் புரியும். அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் காலம், டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு, இந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே இறங்கிய பிறகே கணக்கில் சேரத் தொடங்கும். ஒருவருக்குச் சூத்திரம் 17 என்று காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். அவர் வெள்ளையினத்தவர் என்றால் இன்றே அவருடைய காத்திருப்பு தொடங்கலாம். கறுப்பினத்தவர் என்றால் 17-ஐ 1.212-ஆல் பெருக்கு, 20.6. சிறுநீரகம் இன்னும் கெடட்டும், பிறகு பார்க்கலாம் என்று பொருள். ரத்தத்தில் இருக்கும் கிரியேட்டினின் ஒன்றுதான், வயது ஒன்றுதான். வரிசையில் நிற்கும் இடம் மட்டும் வேறு.

அந்தப் பெருக்கல் எங்கிருந்து வந்தது? மூல ஆய்வில் 1,628 பேர் இருந்தார்கள். அவர்களில் கறுப்பினத்தவர் 200 பேருக்கும் குறைவு. அவர்களுக்கு ஒரே கிரியேட்டினின் அளவில் சிறுநீரகச் செயல்திறன் சராசரியாகச் சற்று அதிகமாகத் தெரிந்தது. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம், அதனால் கிரியேட்டினின் அதிகம் என்று ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்த ஆதாரம் மிக மெலிந்தது. தசையின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதை அளக்கவும் முடியும். ஆனால் அளக்காமல், இனத்தைக் கேட்டு ஊகித்துக்கொள்ளும் வழி பாடமாகிவிட்டது.

இதைக் கிளறியவர்களில் மாணவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஹார்வர்டு மாணவர்கள் சிலர் விடாமல் கேட்டதைத் தொடர்ந்து, பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை 2017-இல் அந்தப் பெருக்கலைக் கைவிட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்திய பிறகு, 2020-இல் அது போனது. அதே ஆண்டு அமெரிக்காவின் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் சிறுநீரக மருத்துவர் சங்கமும் கூட்டுக் குழு அமைத்தன. 2021 செப்டம்பரில் இனம் இல்லாத புதிய சூத்திரத்தை அந்தக் குழு பரிந்துரைத்தது. 2022-இல் உறுப்பு மாற்று வலையமைப்பு பழைய கணக்கைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் தொடங்கி, அந்தக் கணக்கால் பின்னுக்குத் தள்ளப்பட்ட கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தை முன்தேதியிட்டுத் திருத்தும்படி மருத்துவமனைகளுக்கு உத்தரவு வந்தது. அடுத்த ஓராண்டுக்குள் 14,000-க்கும் மேற்பட்டோருக்கு அப்படித் திருத்தப்பட்டது. வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்ட ஒரு கேள்வி இவ்வளவு தூரம் போகும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பிழை நுழைந்து இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் இது நடந்தது என்பதையும் மறக்க முடியவில்லை.

சிறுநீரகத்தைவிடப் பழைய கதை நுரையீரலுடையது. 1850-களில் அமெரிக்காவின் லூசியானாவில் இருந்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதையே ஒரு மனநோய் என்று எழுதியவர். கறுப்பினத்தவரின் நுரையீரல் கொள்ளளவு குறைவு, உழைப்பு அவர்களுக்கு நல்லது என்றும் வாதிட்டார். அந்த எண்ணம், மூச்சை ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் நவீன ஸ்பைரோமீட்டர் கருவியின் மென்பொருள் வரை வந்தது: கறுப்பினத்தவருக்கு 10 முதல் 15 சதவீதம், ஆசியர்களுக்கு 4 முதல் 6 சதவீதம் கழித்துக்கொண்டு அதைத்தான் ‘இயல்பு’ என்று காட்டும் முறை. ஊதச் சொல்லும் டெக்னீஷியன் கணினியில் இனத்தைத் தேர்வு செய்வார். மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும். நுரையீரல் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கத் தொராசிக் சொசைட்டி இந்தக் கழிவை விட்டுவிடச் சொன்னது 2023-இல்.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தால் தனித்தனிப் பிழைகள்போலத் தெரியும். மொத்தமாக அவை மாணவர் மனத்தில் என்ன செய்கின்றன? வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. வெள்ளையின மருத்துவ மாணவர்கள், ரெசிடென்ட் மருத்துவர்கள் (பட்டம் வாங்கிய பின் மருத்துவமனையில் பயிற்சி பெறுபவர்கள்) 222 பேரிடம் சில கூற்றுகளைக் கொடுத்துக் கேட்டார்கள். கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது, அவர்களுடைய நரம்பு முனைகளுக்கு உணர்ச்சி குறைவு, இப்படிப் பொய்யான கூற்றுகள். ஏறக்குறையப் பாதிப் பேர் குறைந்தது ஒன்றையாவது உண்மை என்று நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், வலிக்குப் பரிந்துரைத்த சிகிச்சையிலும் பிழை செய்தார்கள். இவர்கள் படிக்காதவர்கள் இல்லை. படித்துக்கொண்டே இருந்தவர்கள்.

தேர்வுக் கேள்விகளும் இதற்குத் துணைபோகின்றன. ‘இருமலுடன் வந்த 30 வயது ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்’ என்று கேள்வி தொடங்கினால், மீதியைப் படிக்காமலேயே சார்காய்டோசிஸ் என்ற நுரையீரலைத் தாக்கும் நோயைக் குறித்துவிடலாம். மதிப்பெண் கிடைக்கும். இதே பழக்கத்தோடு வார்டுக்குப் போகிறவர், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய் வெள்ளையினக் குழந்தைகளுக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு, அதே அறிகுறிகளோடு வந்த கறுப்பினக் குழந்தைக்கு அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் அனுப்பிவிடக்கூடும். அரிவாள் செல் ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். அது கறுப்பினத்தின் நோய் என்றே நிறையப் பேர் கற்றிருக்கிறார்கள். உண்மையில் அது மலேரியா பரவியிருந்த நிலப்பகுதிகளோடு தொடர்புடையது. மத்திய தரைக்கடல் நாடுகளிலும் அரேபியாவிலும் இந்தியாவிலும் உண்டு. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் அரிது. பரம்பரை வேறு, இனம் வேறு. பரம்பரை மருத்துவத்துக்குத் தேவையான தகவல். ஒருவரின் நிறத்தைப் பார்த்து அதை ஊகிப்பதில்தான் தவறு நடக்கிறது.

பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் கல்லூரியின் பாடத்தையே இந்தக் கண்ணோடு சலித்துப் பார்த்தார்கள். 21 பாடப் பிரிவுகளில் 880-க்கும் மேற்பட்ட விரிவுரைகள். இனம் தவறாகக் கையாளப்படும் விதங்களை ஐந்து வகையாகப் பிரித்து 2021-இல் வெளியிட்டார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, காரணம் சொல்லாமல் புள்ளிவிவரம் மட்டும் சொல்லும் வகை. இந்த நோய் கறுப்பினத்தவருக்கு அதிகம் என்று ஸ்லைடில் ஒரு வரி இருக்கும். ஏன் அதிகம்? எந்தக் குடியிருப்பில் வாழ்கிறார்கள், என்ன காற்றைச் சுவாசிக்கிறார்கள், காப்பீடு உண்டா, வலி என்று சொன்னால் நம்புகிறார்களா என்பதெல்லாம் ஸ்லைடில் இருக்காது. காரணம் இல்லாத இடத்தில் மாணவர் தானாகவே ‘உடம்பு அப்படி’ என்று நிரப்பிக்கொள்கிறார்.

கேள்வி கேட்பது மட்டுமே இவர்களின் வழி இல்லை. மைக்கேல் பிரவுன், எரிக் கார்னர் என்ற கறுப்பினத்தவர் இருவரைக் கொன்ற போலீசார் மீது வழக்குத் தொடரப் போவதில்லை என்று முடிவான பிறகு, 2014 டிசம்பர் 10 அன்று அமெரிக்கா முழுவதும் மருத்துவ மாணவர்கள் வெள்ளைக் கோட்டோடு தரையில் படுத்து அமைதியாகப் போராடினார்கள். அதிலிருந்து ‘ஒயிட் கோட்ஸ் ஃபார் பிளாக் லைவ்ஸ்’ என்ற மாணவர் அமைப்பு உருவானது. பின்னர் இந்த அமைப்பு மருத்துவக் கல்லூரிகளுக்கே மதிப்பெண் அட்டை போட ஆரம்பித்தது. எத்தனை கறுப்பின மாணவர்களைச் சேர்த்தீர்கள், எத்தனை பேராசிரியர்கள், காப்பீடு இல்லாத நோயாளியை எங்கே அனுப்புகிறீர்கள் என்றெல்லாம் அதில் கேள்விகள்.

வகுப்பறைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதற்கும் இந்தப் பாடத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1910-இல் வெளிவந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை அமெரிக்க மருத்துவக் கல்வியைச் சீர்திருத்தியதாகப் புகழப்படும். அதன் பின்விளைவாக, அன்றிருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே மிஞ்சின. மூடப்பட்ட அந்த ஐந்தும் தொடர்ந்து இயங்கியிருந்தால் 2019-க்குள் சுமார் 35,000 மருத்துவர்கள் கூடுதலாக வந்திருப்பார்கள் என்று 2020-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இன்று அமெரிக்க மருத்துவர்களில் கறுப்பினத்தவர் 6 சதவீதத்துக்கும் குறைவு. மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 13 சதவீதம். ‘கருத்த தோலில் எப்படி?’ என்று கேட்க வேண்டியவர்கள் வகுப்பில் இல்லாமலேயே நூறு வருடம் பாடம் நடந்திருக்கிறது.

உள்ளே வந்தவர்களுக்கும் களம் சமமாக இல்லை. ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபா என்ற கௌரவச் சங்கத்தில் சேர்க்கப்பட்டால் நல்ல ரெசிடென்சி இடம் கிடைப்பது எளிதாகும். மற்றத் தகுதிகளைச் சமமாக வைத்துப் பார்த்தாலும் வெள்ளையின மாணவர்களுக்கு அந்த வாய்ப்பு கறுப்பின மாணவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு என்று 2017-இல் ஓர் ஆய்வு சொன்னது. நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் கல்லூரி 2018-இல் மாணவர்களை அதற்கு முன்மொழிவதை நிறுத்தியது. அங்கேயும் முதலில் குரல் எழுப்பியது மாணவர்கள்தான். பிரிட்டனில் கல்லூரிகள் பின்பற்ற வேண்டிய இனத் துன்புறுத்தல் தடுப்புச் சாசனம் ஒன்றை மருத்துவர் சங்கமான பிஎம்ஏ 2020-இல் வெளியிட்டது. மருத்துவக் கல்வியில் உள்ள பாகுபாட்டை 2031-க்குள் ஒழிப்போம் என்று அங்குள்ள பொது மருத்துவ மன்றம் இலக்கு வைத்திருக்கிறது.

இனத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை, இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிறுநீரக எண்ணை வைத்துத்தான் பல மருந்துகளின் அளவு முடிவாகிறது. எண் குறைந்தால் சிலருக்குச் சில மருந்துகள் குறைவாகக் கிடைக்கலாம், சில மருந்து ஆய்வுகளில் சேர முடியாமல் போகலாம். நுரையீரல் கணக்கில் கழிவை நீக்கினால் நோய் சீக்கிரம் பிடிபடும், ஊனத்துக்கான உதவித்தொகையும் சிலருக்குக் கூடும். தீயணைப்பு போன்ற வேலைகளுக்கு அதே எண் தடையாகவும் ஆகலாம். அதனால்தான் சிறுநீரகக் குழு புதிய சூத்திரத்தோடு நிற்காமல், தசையின் அளவால் அவ்வளவாகப் பாதிக்கப்படாத சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தப் பரிசோதனையைப் பரவலாக்கச் சொன்னது. நிறத்தைக் கேட்காதே என்பதோடு, அளக்க வேண்டியதை அளந்து பார் என்பதும் இதில் அடக்கம். எதிரான உதாரணமும் உண்டு. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜனை ஒளியால் அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், நிறத்தைக் கண்டுகொள்ளாமல் வடிவமைக்கப்பட்ட கருவி. அது கருத்த தோலில் ஆக்ஸிஜனைக் கூடுதலாகக் காட்டுகிறது. 2020 டிசம்பரில் வந்த மிச்சிகன் ஆய்வில், கருவி சரி என்று காட்டியும் உண்மையில் ஆக்ஸிஜன் ஆபத்தான அளவு குறைந்திருந்த சந்தர்ப்பங்கள் வெள்ளையினத்தவரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். தோலின் நிறம் ஒளியை உறிஞ்சும் என்பது இயற்பியல். அங்கே நிறத்தைக் கணக்கில் எடுக்காததுதான் தவறு.

இந்த வேலையை மாணவர்கள் செய்வதற்கு ஒரு விலை இருக்கிறது. எந்தப் பேராசிரியரின் ஸ்லைடைக் கேள்வி கேட்கிறாரோ, அவரே வார்டு பயிற்சியில் மதிப்பெண் போடுவார், பரிந்துரைக் கடிதமும் எழுதுவார். உடற்கூறியல் தேர்வுக்குப் படிக்க வேண்டிய இரவில் பாடத்திட்டக் குழுவுக்கு மனு எழுதிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலானோர், அந்தப் பாகுபாட்டால் ஏற்கெனவே சுமை ஏறியவர்கள். கல்லூரிகள் இவர்களைக் குழுக்களில் உட்காரவைத்துப் பாராட்டுகின்றன. சம்பளமோ பயிற்சி மதிப்பெண்ணோ கொடுப்பது அபூர்வம். நான்கு வருடத்தில் அவர்கள் பட்டம் வாங்கிப் போனதும், அடுத்து வரும் அணி அதே ஸ்லைடோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இது பேராசிரியர்களின் வேலை. சம்பளத்தோடு, நேரம் ஒதுக்கி, அவர்கள் செய்ய வேண்டியது.

இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கை 11 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஹிஸ்பானிய மாணவர்களிடமும் ஏறக்குறைய அதே சரிவு. 2025 மே மாதம், கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் எல்சிஎம்இ அமைப்பு, மாணவர் பன்முகத்தன்மைக்கு முயற்சி எடுக்க வேண்டும் என்ற தன் விதியையே நீக்கிவிட்டது. 2021-இன் சிறுநீரகச் சூத்திரம் ஆய்வகக் கணினிகளில் ஏறிவிட்டது, அதைத் திரும்ப எடுப்பது எளிதல்ல. சேர்க்கை அப்படி இல்லை. 2024-இல் சேர்ந்தவர்கள் 2028-இல் பட்டம் பெறுவார்கள். ரெசிடென்சி முடிக்க அதற்கு மேல் மூன்று முதல் ஏழு ஆண்டுகள். இன்று வகுப்பில் குறைகிற எண்ணிக்கை, நோயாளியின் கட்டிலருகே 2030-களில்தான் தெரியவரும்.